விமானிக்கும் உண்டு லயம்!

கூடலூரில் பொதுக்கூட்டம் முடிந்து, குளிருக்கு இதமாக ஒரு கிளாஸ் தேநீர் குடிக்க ஒதுங்கினோம். கிளைத் தோழர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கொடி கட்டுவதில் முன்னே நிற்பவர். தனக்கென்று ஒன்று கேட்பதில் என்றும் பின்னே நிற்பவர். அன்று கேட்டார்.

"அண்ணே, எங்க அக்கா மகன் துணை விமானியா இருக்கான் இல்லையா, வளைகுடாக் கம்பெனி ஒண்ணுக்கு ஏஜெண்டு கூப்பிடுறார். இங்கே வாங்குறதைப் போல ரெண்டு மடங்கு சம்பளம். வீடும் அவங்களே தர்றாங்களாம். அனுப்பலாமா?"

வீடும் அவர்களே தருகிறார்களாம்! கேட்டவர் யார்? தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை. அவருடைய முன்னோர் வீட்டு வாசலுக்கும் ஒரு நாள் ஏஜெண்டு வந்தார். கங்காணி என்று பெயர். அவரும் அதையேதான் சொன்னார்: கண்டிச் சீமையிலே சம்பளம் உண்டு, வீடும் உண்டு!

உண்டுதான். லயம் என்று பெயர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதிலே அடுப்பும் தொட்டிலும் ஆறேழு உயிர்களும். அந்த அறை துரையுடையது. வேலை உள்ளவரை கூரை உண்டு; வேலை போனால் கூரையும் போகும். அடுத்த தோட்டத்தில் போய் நின்றாலோ, "துண்டு எங்கே?" என்பார்கள். பழைய தோட்டத்தில் இவனுக்கு இவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு அது. அந்தக் கடனைப் புதிய துரை ஏற்றால்தான் ஆள் இடம் மாறலாம். 1921-ல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். துண்டு ஒழிந்தது, துயரம் ஒழிந்ததா? 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவனின் பேரப்பிள்ளைகள், ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் மேசைக்கு எதிரெதிரே அமர்ந்து, ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 இங்கே; 3,00,000 அங்கே; மிச்சம் 1,50,000 பிறகு பார்க்கலாம்! மூட்டையைப் பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்தார்கள். அங்கே அவர்களை "இந்தியாக்காரன்" என்றார்கள். வந்து சேர்ந்த நீலகிரியில் "சிலோன்காரன்" என்றார்கள்.

அவர்களுக்கென்று 1968-ல் தமிழக அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுவே பிறகு டான்டீ கழகமானது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அங்கும் குடியிருப்பு வேலையோடு கட்டியதுதான். முப்பது ஆண்டு கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற தாய், அடுத்த மாதம் எங்கே படுப்பது என்று திகைத்து நிற்கிற கதையை இந்த மலையிலே யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022-ல் டான்டீயின் நிலத்தில் 2,152 எக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர ஆணை வந்தபோது, தோட்டத்து மக்கள் நெஞ்சில் எழுந்த முதல் கேள்வியும் அதுதான்.

"அது கொழுந்து பறிக்கிற ஏழையின் கதை, இவனோ கோட்டும் தொப்பியும் போட்ட விமானி" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். வெளிநாட்டு விமானியின் வேலை, அவன் குடியிருக்கும் வீடு, அந்த நாட்டில் தங்கும் அனுமதி, மூன்றும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. கயிற்றின் நுனி முதலாளி கையில். அறுந்தால் மூன்றும் ஒன்றாக விழும். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கூடவே விழும்.

விழுந்ததைப் பார்த்தோமே! 2020-ல் கொரோனா வந்தது. கொரியன் ஏர் அந்த ஏப்ரலிலிருந்து தன் வெளிநாட்டு விமானிகள் அத்தனை பேரையும் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. துபாயின் எமிரேட்ஸ் நூற்றுக்கணக்கில் விமானிகளை வீட்டுக்கு அனுப்பியது. அக்டோபரில் ஆங்காங்கின் கேத்தே பசிபிக், கேத்தே டிராகன் என்ற துணை நிறுவனத்தையே இழுத்து மூடியது. எஞ்சிய விமானிகளிடம் குறைந்த சம்பளத்துக்குப் புது ஒப்பந்தம் நீட்டியது.

இந்தியாவில் மட்டும் கம்பெனி மூழ்கவில்லையா என்று கேட்கலாம். மூழ்கியது. 2012-ல் கிங்பிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ். ஆனால் ஜெட் ஊழியர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் கூடிக் குரல் கொடுத்தார்கள். சொந்த நாடு, சொந்த நீதிமன்றம், பக்கத்தில் சொந்தச் சங்கம். துபாயில் நின்று கோஷம் போட முடியுமா? அங்கே தொழிற்சங்கத்துக்கே அனுமதி இல்லை, வேலைநிறுத்தம் குற்றம். ஆலைவாசலில் நின்று பழகிய நம் தோழர்களுக்கு இது ஒன்றே போதும், மற்றது எல்லாம் புரிய.

கடன் வேறு இருக்கிறது. விமானியாவதற்கு இங்கே 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். செலவு அரைக்கோடி ரூபாயை எட்டும். அக்கா மகனுக்காக நிலத்தை விற்றார்கள், வங்கியில் கடனும் வாங்கினார்கள். போகிற இடத்திலே, பயிற்சி தருகிறோம், இத்தனை ஆண்டுக்குள் விலகினால் இவ்வளவு கட்டு என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்குவார்கள். அங்கே கார் கடன் வாங்கித் தவணை தவறினால், அமீரகத்தில் வங்கிக்காரன் நீதிமன்றம் போய், ஊர் திரும்பவே தடை வாங்கலாம். கடன் தீராமல் இடம் மாறாதே! ஒழித்துவிட்டதாகச் சொன்ன துண்டு, வழவழப்பான தாளில் மறுபடி அச்சாகிவிட்டது.

தறிகாரனுக்கும் தச்சனுக்கும் இல்லாத ஆபத்து ஒன்றும் விமானிக்கு உண்டு. தச்சன் ஓராண்டு சும்மா இருந்தாலும் உளி மறக்காது. விமானி 90 நாளுக்குள் மூன்று முறை ஏற்றி, மூன்று முறை இறக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி பயிற்சி பெறாமல் பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது. வேலையில்லாத நாட்கள் தொழிலையே தின்னும். திரும்பி வந்து இங்கே சேர்ந்தாலோ, இவனுக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மூப்புப் பட்டியலில் இவன் கடைசி வரி.

வேடிக்கை ஒன்று சொல்ல வேண்டும். 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாவது தேறாத தொழிலாளி வளைகுடாவுக்குப் போனால் அதிகாரி ஒருவர் அவன் ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி தரவேண்டும். பார்வை எப்படியோ, ஒரு பார்வையாவது உண்டு. படித்தவனுக்கு அந்தத் தடையும் இல்லை, காவலும் இல்லை. அவன் தாளை அவனேதான் படிக்க வேண்டும். சம்பள எண்ணைப் படித்ததும் பேனாவை எடுத்துவிடுகிறான்!

போகவே கூடாது என்றா சொன்னோம்? இல்லை. வளைகுடாப் பணத்தில் எழும்பிய மெத்தை வீடுகள் நம் ஊர்களில் எத்தனை! தோட்டத்து லயத்திலிருந்து ஒருவன் விமானத்தின் முன் இருக்கைக்குப் போயிருக்கிறான் என்பது நமக்கெல்லாம் பெருமை. தோழரிடம் நாலு கேள்வியைச் சொன்னோம். சம்பளம் தருவது விமானக் கம்பெனியா, ஏதோ ஒரு தீவிலே பெயர்ப்பலகை மாட்டிய ஏஜென்சியா? வழக்கு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம்? விலக்கினால் எத்தனை மாத முன்னறிவிப்பு, வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள்? பிணைத்தொகை, அவர்களாக விலக்கினாலும் கட்ட வேண்டுமா?

தோழர் தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் இங்கிலீஷிலே நாற்பது பக்கம் இருக்குண்ணே. ஏஜெண்டு திங்கட்கிழமைக்குள்ளே கையெழுத்துப் போடச் சொல்றார்."

ஞாயிற்றுக்கிழமை காலை பையனையும் தாளையும் கூட்டிக்கொண்டு படிப்பகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறோம். குன்னூரிலிருந்து வழக்கறிஞர் தோழர் ஒருவரும் வருகிறார்.