எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், டாக்டர்?

1913-ல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற மருத்துவர், 67 வயதுப் பெண் ஒருவரின் மார்பைத் திறந்து, புற்றுநோய் பிடித்த உணவுக்குழாயை வெட்டியெடுத்தார். இரைப்பையை மேலே இழுத்து இணைக்கும் வழி அன்று கைவரவில்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை. இரண்டுக்கும் நடுவே உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய். அதன் வழியே சாப்பிட்டுக்கொண்டு அந்தப் பெண் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

அவர் விதிவிலக்கு. அதுவரை வெளியான அறுவை முடிவுகளை ஏர்லாம், குன்யா-மெலோ என்ற இரு மருத்துவர்கள் 1980-ல் திரட்டிப் பார்த்தார்கள். கட்டியை அகற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மருத்துவமனையிலேயே இறந்திருந்தார். நோய் வந்த நூறு பேரில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் நால்வர்தான். "அந்த இடத்துல கத்தி வச்சா ஆள் தேறாது" என்ற பேச்சுக்கு அன்று நியாயம் இருந்தது. ஆரம்பத்திலேயே நோய் பிடிபட்டவரிடம் இன்றும் அதைச் சொல்வது கொடுமை.

ஆரம்ப நிலையில் எல்லாமே ஆழக் கணக்கு. உட்படலத்தோடு நின்ற கட்டி நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது அரிது. ஜப்பானிய மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறையில் எண்டோஸ்கோப் வழியாகவே அதைச் சீவி எடுத்துவிடலாம். மார்பைத் திறக்க வேண்டாம். அடுத்த அடுக்குக்கு இறங்கிவிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கணுக்களிலும் நோய் இருக்கும். பெரிய அறுவைக்கு அங்கேதான் வேலை. உட்படலத்தோடு நின்ற நோய்க்கு நல்ல மையங்களில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். ஆனால் உணவுக்குழாய் நெகிழக்கூடியது. கட்டி கணிசமாக வளர்ந்த பிறகுதான் சோறு சிக்கும். நம்மில் பலர் அதன் பிறகும், தண்ணீர் குடித்து இறக்கிக்கொண்டு மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறோம்.

பெரிய அறுவையில் பிழைத்த பிறகு வரும் வாழ்க்கையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வெட்டியெடுத்த உணவுக்குழாய்க்குப் பதிலாக இரைப்பை குழாயாக மார்புக்குள் ஏறிவிட்டதால் ஒரு வேளைச் சாப்பாட்டை மூன்றாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். இனிப்பு கூடினால் படபடப்பும் வியர்வையும் வரும். தலைப்பக்கத்தை உயர்த்தித்தான் படுக்க வேண்டும். உடல் இளைக்கும். "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுப்பா" என்று அன்பால் நெருக்கும் உறவினர்களே, அந்த இரண்டு வாய் அவருக்கு வேதனை. தயவுசெய்து நெருக்காதீர்கள்.

நான் இந்தப் பத்தியை எழுதக் காரணம் இன்னொரு கணக்கு. அமெரிக்க முதியோரிடையே நடந்த இந்த அறுவைகளை ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வந்தது. ஆண்டுக்கு இரண்டுகூடச் செய்யாத மருத்துவமனைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார். 19-க்கு மேல் செய்த இடங்களில் பன்னிரண்டில் ஒருவர். அதே நோய், அதே அறுவைதான். கைப்பழக்கம் மட்டுமல்ல, தையல் கசிந்தால் உடனே கண்டுபிடிக்கும் தீவிர சிகிச்சைக் குழுவும் அந்த வித்தியாசத்தில் அடங்கும்.

வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்று தெரிந்தால், கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இந்த அறுவை செய்கிறீர்கள்? எண்டோஸ்கோபியிலேயே எடுக்க முடியுமா? நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.