வெட்டப்பட்ட இறுதிக் காட்சி

தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கின்றனர். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், அவர்களுள் ஒருவனைத் தூக்கிக்கொண்டு விரைகின்றனர். 2018ஆம் ஆண்டில் நம் நாட்டின் பல மாநிலங்களில் கைப்பேசி வழியே பரவிய காணொலி இது. குழந்தை கடத்துவோர் நம் பகுதிக்கும் வந்துவிட்டனர் என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது.

உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், பெற்றோரை விழிப்படையச் செய்வதற்காக நடித்து எடுக்கப்பட்ட படம். அதன் இறுதியில் அவ்விருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிடுவர்; ஒரு குழந்தையைக் கடத்த ஒரு கணம் போதும் என்னும் பொருளில் எழுதிய அட்டையைக் காட்டுவர். அந்தச் சில நொடிகளை யாரோ வெட்டிவிட்டனர். எஞ்சியவை உண்மையாகவே படமாக்கப்பட்ட காட்சிகள். ஆதலால், கண்ணால் கண்டதை எப்படி ஐயுறுவது என்று பலரும் நம்பினர்.

இத்தகைய வதந்திகள் பரவியிருந்த அவ்வாண்டு மே மாதத்தில், சென்னையிலிருந்து திருவண்ணாமலை மாவட்டத்திற்குக் கோயில் வழிபாட்டுக்காகக் குடும்பத்துடன் சென்ற மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊரார் திரண்டு தாக்கியதில் அவர் உயிரிழந்தார். தாக்கியவர்களும் தம் பிள்ளைகளைக் காப்பதாகவே எண்ணியிருப்பர். அச்சம் மிகும்போது மூலத்தைத் தேடும் பொறுமை போய்விடுகிறது. அச்சமூட்டும் செய்தியையே முதலில் ஐயுற வேண்டும் என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுவே.

'பத்துப் பேர் அனுப்பினார்களே, பொய்யாகுமா?' என்று கேட்கும் மாணவர்கள் உண்டு. இதற்கு நம் பதிப்பாசிரியர்களின் பணியில் விடை இருக்கிறது. ஒரே மூல ஏட்டைப் பார்த்துப் பத்துப் பேர் படியெடுத்தால், மூலத்தில் உள்ள பிழை பத்திலும் இருக்கும். அவை பத்துச் சான்றுகள் ஆகா, ஒரு சான்றே. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கிடைத்த ஒரு சுவடியோடு அமையவில்லை. வெவ்வேறு இடங்களிலிருந்து சுவடிகளைத் தேடிப் பெற்று, பாடவேறுபாடுகளை ஒப்பிட்டார். நூலில் வரும் சமண சமயச் செய்திகளைக் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடமே கேட்டுத் தெளிந்தார்.

அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்த அவ்வேலை, நமக்குப் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். காணொலியின் ஒரு காட்சியை நிறுத்திப் படமாக்கி, தேடுபொறியின் படத்தேடலில் இட்டால், அது முன்னரே வேறெங்கேனும் வெளியானதா என்பது பல வேளைகளில் தெரிந்துவிடும். நிகழ்ந்த ஊர், நாள், முதலில் சொன்னவர் ஆகிய மூன்றும் இல்லாத செய்தியை நான் பிறர்க்கு அனுப்புவதில்லை. அனுப்பியவர் நம் அன்புக்குரிய அத்தையாகவே இருக்கலாம். அவரும் யாரிடமிருந்தோ பெற்றவர்தாமே! (பாடநூலில் உள்ளது என்பதற்காக இக்கட்டுரையையும் விட்டுவிட வேண்டா, மேலே சொன்னவற்றைத் தேடிச் சரிபாருங்கள்.)

அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிட்டது. ஐந்து சிறிய எண்ணாகத் தோன்றும். ஒவ்வொருவரும் புதிதாக ஐவருக்கு அனுப்பினால், ஐந்தாம் சுற்றில் மட்டும் 3,125 பேரை அது எட்டும். முதற்சுற்றில் பெற்ற ஐவருள் ஒருவர் அனுப்பாமல் நிறுத்தினால், அந்த ஐந்தாம் சுற்றில் 625 பேர் குறைவர்.