அண்ணன் கொடுத்த அந்த ஒரு வரி

இசிஇ மூன்றாம் ஆண்டா நீங்கள்? லேப்டாப்பைத் திறந்து, ஹோம் ஃபோல்டரில் இருக்கும் பாஷ்ஆர்சி ஃபைலின் கடைசிக்குப் போங்கள். 'எக்ஸ்போர்ட் பைதான்பாத்' என்று ஆரம்பிக்கும் ஒரு நீளமான வரி அங்கே இருந்தால், அதை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள். சீனியர் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அவருக்கு அவருடைய சீனியர். என்னிடம் வந்த வரியில் பைதான் 3.6 ஃபோல்டர் இருந்தது. என் மெஷினிலோ உபுண்டு 22.04, அதில் பைதான் 3.10. இடிச்சுப் போட்ட கடைக்கு வழிகாட்டுற போர்டு மாதிரி, ரெண்டு செமஸ்டர் அது அங்கேயே நின்னுச்சு.

இந்த வரியைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் கதை. ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு ஸ்பெக்ட்ரம் சென்சிங் எடுத்தோம். ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள், குனு ரேடியோ, அதற்குள் நாங்களே சி++ல் எழுதிய எனர்ஜி டிடெக்டர் பிளாக். 'ஜிஆர் மாட்டூல்' வைத்து மாட்யூலை உருவாக்கினோம். சிமேக் ஓடியது, மேக் ஓடியது, இன்ஸ்டாலும் ஆனது. ரன் பட்டனை அழுத்தினால், 'நோ மாட்யூல் நேம்டு சென்சிங்'.

அண்ணன் வரியைப் போட்டோம், போகவில்லை. உபுண்டுவை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டோம், ரெண்டு தடவை. ஒன்பது நாள் போச்சு. ரிவ்யூ வந்துவிட்டது, எங்கள் பிளாக்கை எடுத்துவிட்டு ரெடிமேட் பிளாக்குகளை இழுத்துப் போட்டுக் காட்டினோம். "இதுல நீங்க எழுதினது எது?" என்று கேட்டார் எக்ஸாமினர். மூணு பேரும் தரையைப் பார்த்தோம்.

காரணம் அடுத்த மாதம்தான் தெரிந்தது. குனு ரேடியோ 3.10ல் இருந்து நாம் எழுதும் மாட்யூல் 'குனுரேடியோ' என்ற பேக்கேஜுக்கு உள்ளே போய் உட்காருகிறது. 'இம்போர்ட் சென்சிங்' என்பது பழைய முறை. இப்போது 'ஃப்ரம் குனுரேடியோ இம்போர்ட் சென்சிங்'. மாட்டூல் சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தது. அதன் யாம்ல் ஃபைலை அழித்துவிட்டு, சீனியர் பிராஜெக்ட்டில் இருந்த 3.8 காலத்து யாம்லை காப்பி பண்ணிப் போட்டது நாங்கள். (பைதானும் 3.10, குனு ரேடியோவும் 3.10. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, குழப்பிக்காதீங்க.)

'அந்தப் பேரில் மாட்யூல் இல்லை' என்று பைதான் சொன்னது நிஜம். அந்தப் பேரில் இல்லைதான். வேறு எங்கே இருக்கிறது என்று நாங்கள் தேடவே இல்லை. 'சிஸ் டாட் பாத்'தைப் பிரிண்ட் பண்ணினால் பைதான் எந்தெந்த ஃபோல்டரில் தேடுகிறது என்று தெரிந்துவிடும். ஃபைண்ட் கமாண்டில் மாட்யூல் பேரைக் கொடுத்தால் அது எங்கே இன்ஸ்டால் ஆனது என்று தெரிந்துவிடும். ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ரெண்டு நிமிஷம்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். இம்போர்ட் எரர் என்றாலே ஒரே நோய், ஒரே மாத்திரை என்று நினைக்கிறோம். 'லிப்குனுரேடியோ-சென்சிங் டாட் எஸ்ஓ, கேனாட் ஓபன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்' என்று வருகிறதா? போய்ப் பார்த்தால் யூஎஸ்ஆர் லோக்கல் லிப்பில் அந்த ஃபைல் ஜம்முனு உட்கார்ந்திருக்கும். ஆனால் அதைத் தேடுவது பைதானின் வேலையே இல்லை. லினக்ஸின் லோடர் தேடுகிறது. அது தன்னிடம் இருக்கும் பழைய பட்டியலைப் பார்க்கிறது, அதில் உங்கள் புது லைப்ரரி ஏறவில்லை. 'சூடோ எல்டிகான்ஃபிக்' ஓட்டினால் பட்டியல் புதுப்பிக்கப்படும். இங்கே பைதான்பாத்தை எத்தனை தடவை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது.

'அன்டிஃபைன்டு சிம்பல்' என்று வந்து, பின்னாடியே புரியாத எழுத்துக் கோர்வை நிற்கிறதா? அதை சி++ஃபில்ட் என்ற சின்ன டூலில் கொடுங்கள், உங்கள் ஃபங்ஷன் பெயராகவே திரும்பி வரும். பெரும்பாலும் ஹெட்டரில் அறிவித்துவிட்டு எழுத மறந்த ஃபங்ஷன், அல்லது சிமேக் லிஸ்டில் சேர்க்காமல் விட்ட ஃபைல். இது பாத் பிரச்சினையே இல்லை, உங்கள் கோடு.

ரொம்ப நயவஞ்சகமானது 3.8 மாட்யூல்களில் இருக்கிறது. அவற்றின் இனிட் ஃபைலில், சி++ பகுதியை இம்போர்ட் பண்ணும்போது எரர் வந்தால் 'பாஸ்' என்று சத்தமில்லாமல் தாண்டிவிடுவார்கள். பைதான் மட்டும் வைத்து எழுதிய மாட்யூலும் ஓட வேண்டுமே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நிஜமான காரணம் அங்கேயே புதைந்துவிடுகிறது. உங்களுக்குக் கிடைப்பது 'இந்த மாட்யூலில் அப்படி ஒரு பிளாக் இல்லை' என்ற பொய்ச் சாட்சி. அந்த ட்ரை-எக்ஸெப்ட்டை எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், உள்ளே அமுக்கி வைத்தது வெளியே வரும்.

"நாளைக்கு ரிவ்யூ, இதையெல்லாம் படிச்சுட்டு இருக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயம். லேபிலும் எல்லாம் போட்டு வைத்த விஎம் தருகிறார்கள், அதில் எதுவும் உடைவதில்லை, அதனால் எதையும் சரிசெய்யவும் தெரிவதில்லை. லேப் மேனுவலில் ஒரு எக்ஸ்பெரிமென்ட் சேர்க்கலாம் என்பது என் கருத்து: ஓடுகிற மாட்யூல் ஒன்றைக் கையில் கொடுத்து, மூன்று விதமாக உடைத்து, மூன்று எரர்களையும் ரெக்கார்டில் எழுதச் சொல்லுங்கள். எஃப்எம் ரிசீவரை நாலாவது தடவை வரைவதைவிட அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அதுவரைக்கும், ஜூனியர்ஸ், தாராளமா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. 'அண்ணா, இம்போர்ட் எரர்' என்று மட்டும் அனுப்பாதீர்கள். எரரின் கடைசி வரி முழுசா, சிஸ் பாத் அவுட்புட், குனு ரேடியோ வெர்ஷன், இந்த மூன்றும் வேண்டும். டெர்மினலை போனில் கோணலாப் போட்டோ எடுத்து, அந்தக் கடைசி வரியை மட்டும் கட் பண்ணி அனுப்புறவங்களுக்கு ரிப்ளை கிடையாது.