குக்கர் வெடித்தால் 'தக்தீர்' என்று விட்டுவிடலாமா?

குக்கர் வெடித்து ஒரு பெண்ணின் முகமும் கையும் வெந்துபோகின்றன. கடைக்காரர் பழையதை வாங்கிக்கொண்டு புதுக் குக்கர் கொடுக்கிறார். 'தக்தீர்' என்று குடும்பமும் அமைதியாகிவிடுகிறது. நனைந்த தானியத்தைக் குவியலுக்குள் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டிக்காமல் விடவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அந்தப் பழைய குக்கர்தான் முக்கியச் சாட்சி. அதைக் கொடுத்துவிட்டால் வழக்கு பாதி போயிற்று. பில்லையும் மருத்துவமனைச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளால் ஏற்படும் காயத்துக்குத் தயாரிப்பாளர் நஷ்டஈடு தர வேண்டும்; சில சூழ்நிலைகளில் விற்றவரும் பொறுப்பாவார். எந்த ஆணையத்துக்குப் போவது என்பதைக் கேட்கும் தொகை அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையே முடிவு செய்கிறது. எனவே 2,000 ரூபாய் குக்கருக்காகப் பல லட்சம் கேட்டாலும், நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே கட்டணமின்றி மனு செய்யலாம். 2 ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும்.

வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆனால் 'நீங்கள் வால்வைச் சுத்தம் செய்யவில்லை' என்று நிறுவனம் வாதிடும்போது, குக்கரை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பக் கேட்கத் தெரிந்த ஒருவர் தேவை. 'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்று பேரம் பேசுபவரிடம் போகாதீர்கள். பார் கவுன்சில் விதி அதற்கு இடம் தரவில்லை.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை நியமித்துத் தருகிறது. அடுப்படியில் காயப்படுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தானே!