பூனைத் தட்டும் தவிட்டுக்குருவிக் குஞ்சும்



கொல்லையில் ஒரு முருங்கையும் கொஞ்சம் புதரும் இருந்தால் போதும், அணில், ஓணான், அரணை, செம்போத்து, கீரி எல்லாம் குடியேறிவிடும். சப்போட்டா பழுத்தால் இரவில் மரநாயும் வரும். இவற்றுக்கு நடுவே யாருக்கும் சொந்தமில்லாத பூனைகள் இரண்டு மூன்று. எப்போதோ யாரோ தெருவில் விட்டுப்போன குட்டிகளின் வம்சம். இந்த இதழின் தோட்டக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, இவர்களைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும் என்று தோன்றியது.

கீரியும் பூனையும் எதிரெதிரே வந்தால் பெரிய சண்டை நடக்கும் என்று நினைப்போம். எங்கள் வீட்டுத் துவைகல்லருகே நான் பார்த்தது வேறு. கீரிக்கு மயிரெல்லாம் சிலிர்த்து உடம்பு இரு மடங்காகிவிட்டது. பூனை முதுகை வளைத்து, காதுகளைப் பின்னுக்கு மடித்துச் சீறியது. சற்று நேரம் இரண்டும் அசையவில்லை. பிறகு பூனை மெல்லப் பின்வாங்க, கீரி வேலியோரமாக நழுவிப் போய்விட்டது. வேட்டையாடிப் பிழைக்கும் பிராணி காலில் காயம் பட்டால் பட்டினிதான் கிடக்க வேண்டும். அதனால் இரண்டுமே வீண் சண்டைக்குப் போவதில்லை.

அடிபடுவதெல்லாம் சின்ன உயிர்கள். தவிட்டுக்குருவிக் குஞ்சுகள் நன்றாகப் பறக்கத் தெரியும் முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். செம்பருத்திப் புதருக்குள் ஒண்டியிருக்கும் அந்தக் குஞ்சுகளுக்காகக் கூட்டம் முழுவதும் கிளைக்குக் கிளை தாவி, பூனையின் தலைக்கு மேலேயே நின்று கத்தித் தீர்க்கும். அணிலும் வாலை உதறிக்கொண்டு சேர்ந்து கத்தும். பகலில் பல நேரம் பூனை சலித்துப்போய் எழுந்து போய்விடும். இருட்டிய பிறகு இந்தக் காவல் இல்லை.

பூனை வாயிலிருந்து பிடுங்கிய குஞ்சுக்குச் சின்னக் கீறல்தான் என்று நிம்மதி அடையாதீர்கள். பூனையின் எச்சிலில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறது. ஓரிரு நாளில் குஞ்சு இறந்துவிடலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அமெரிக்காவில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, அந்த நாட்டில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு, உரிமையாளர் இல்லாத பூனைகள் கொன்றவை. வயிறு நிறையச் சோறு வைத்தால் வேட்டையாடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வயிறு நிறைந்த பூனையும், எதிரே ஏதாவது ஓடினால் பாயத்தான் செய்யும்.

அதற்காகப் பூனையின் மேல் கல்லெறிவதையும், கோணியில் கட்டி அடுத்த ஊரில் விட்டு வருவதையும் என்னால் ஏற்க முடியாது. விஷம் வைப்பது கொடுமை. அதைத் தின்று கீரியும் மரநாயும்கூடச் சாகும். பூனையைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது நாம். அதன் பொறுப்பும் நம்முடையதே.

சோறு வைப்பவர்கள் தாராளமாக வையுங்கள், ஆனால் பகலில் வையுங்கள். தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். இரவெல்லாம் கிடக்கும் தட்டுக்கு எலியும் மரநாயும் வரும். பூனைகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் மரநாயையும் தொற்றக்கூடியது. எல்லாவற்றையும்விட முக்கியம் கருத்தடை. பெண் பூனை ஆறு மாதத்திலேயே சினைப்படும், இரண்டே மாதத்தில் குட்டி போட்டுவிடும். ஒரு பூனையை விட்டுவைத்தால் அடுத்த வருடம் தோட்டம் நிறையப் பூனைகள்தான்.

உங்கள் கொல்லைக்கு வரும் பூனையை இந்த மாதமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செலவு அதிகமென்றால் தெருக்காரர்கள் நாலு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் தோட்டத்தில் எந்தெந்த உயிர்கள் வாழ்கின்றன என்று எங்களுக்கும் எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்