அரசறிவியல் கற்றால் சோறு கிடைக்குமா?

“கணிதம் ஏறவில்லை, விஞ்ஞானமும் ஏறவில்லை, கலைப்பிரிவில் அரசறிவியலாவது படிக்கட்டும்!” நம் வீடுகளிலே பிள்ளைகளின் எதிர்காலம் இவ்வாறுதான் தீர்ப்பாகின்றது. மருத்துவம் மணிமகுடம், பொறியியல் பொற்கிண்ணம், ஆட்சியைப் பற்றிய கல்வியோ எஞ்சியவர்க்கு எறியும் எச்சில்! இவ்விழிநோக்கை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம்.

கமக்காரப் பெருமக்களே! 2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட வர்த்தமானியை மறந்துவிட்டீர்களா? வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுள் உரித்துக் கோராவிடின் அது அரச காணியாகும் என்றது அவ்வறிவித்தல். எதிர்ப்பு எழுந்தது, வழக்குத் தொடுக்கப்பட்டது, அவ்வாண்டு யூனில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்று நம் நிலத்தைக் காத்தது எது? வர்த்தமானியை வாசித்து, அதன் உட்பொருளை உரிய காலத்தில் உணர்ந்த கண்ணன்றோ!

அந்தக் கண்ணைத் தருவதே அரசறிவியல். அதிகாரம் எங்கே பிறக்கின்றது? எவ்வழியே கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் வந்து சேர்கின்றது? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் காணி அதிகாரத்தை மாகாணத்துக்கு ஒரு கையால் நீட்டி, மறு கையால் எவ்வாறு இழுத்துக்கொண்டது? இவற்றை அறியாத இனம், பிறர் எழுதிய சட்டத்தின் கீழே கைநாட்டு வைக்கும் இனமாகவே கிடக்கும்.

“அதெல்லாம் சரி, வயிறு நிறையுமா?” என்பாருமுளர். கலைப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியோரத்தில் அமர்ந்திருந்ததை நாமும் கண்டோம், மறுக்கவில்லை. வேலை வழங்காத அரசின் குற்றம் அதில் உண்டு. நியமனக் கடிதம் வருமென்று வாசலைப் பார்த்திருக்கும் நம் பழக்கத்தின் குற்றமும் உண்டு. நிருவாக சேவைக்கும் வெளிநாட்டுச் சேவைக்கும் போட்டிப் பரீட்சைகள் நடைபெறுகின்றன. சட்டத்துறை, பத்திரிகைத்துறை, ஆசிரியம், ஆராய்ச்சி, உள்ளூராட்சி ஆகிய அனைத்துக்கும் இக்கல்வி அடித்தளமாகும். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் கைவரப்பெற்ற அரசறிவியல் மாணவனுக்குக் கதவுகள் பல. பட்டம் ஒன்றே போதுமென்று நாம் பசப்பமாட்டோம்.

அமெரிக்க நாட்டைப் பாருங்கள். 1901இல் ஜோலியற் நகரில் தொடங்கிய ஈராண்டுக் கல்லூரி முறை, இன்று ‘சமூகக் கல்லூரி’ என்று நாடெங்கும் பரந்திருக்கின்றது. பகலில் உழைப்பவனும் தன் ஊரிலிருந்தே, குறைந்த செலவில், அரசறிவியலின் அடிப்படையைக் கற்று, மூன்றாம் ஆண்டிற் பல்கலைக்கழகம் புகலாம். கடையிலும் வயலிலும் நிற்பவனுக்கு ஆட்சிக்கலை எதற்கு என்று அங்கே கல்லூரிக் கதவை அடைக்கவில்லை.

நமக்கு அத்தகைய கல்லூரிகள் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் துறை உண்டு. 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தில் உழைத்துக்கொண்டே சட்டம் பயில வழியுண்டு. அங்கே செல்ல இயலாதவர்க்கு?

வாசிகசாலைகள் உண்டல்லவா! சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களே! கிழமைக்கு ஒரு மாலையை உங்கள் ஊருக்குத் தாருங்கள். அரசியலமைப்பையும் பிரதேச சபைச் சட்டத்தையும் காணிச் சட்டத்தையும் தமிழிலே விளக்குங்கள். பெற்றோரே, விரும்பிக் கற்க முன்வரும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

அடுத்த வர்த்தமானி வெளிவரும் நாளில், ஒவ்வோர் ஊரிலும் அதை வாசித்துப் பொருள் சொல்ல ஒரு பிள்ளையேனும் இருத்தல் வேண்டும்.