பயிற்சிக்குக் குறைவில்லை, பொறுப்புக்கூறல்தான் இல்லை

ஓர் இராணுவத்தின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? படைக்கருவிகளையும் போர்த்திறனையும் மட்டுமே அளவுகோலாகக் கொள்வோருக்கு இலங்கை இராணுவம் ஒரு வெற்றிக்கதை. 2011இல் கொழும்பில் பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்தி, 'பயங்கரவாதத்தை வென்ற அனுபவத்தை' பிற நாட்டு அதிகாரிகளுக்குக் கற்பிக்க முற்பட்ட படை அது. அதே ஆண்டில்தான், போரின் இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு கூறியது.

இப்படையின் அதிகாரிகள் பயிற்சிக்குப் பஞ்சமில்லாதவர்கள். இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன், பாகிஸ்தான், சீனா எனப் பல நாடுகள் அவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்துள்ளன. குன்னூரை அடுத்த வெலிங்டன் கல்லூரியில் பயின்றவர்களும் அவர்களுள் உண்டு. அயல்நாட்டு வகுப்பறைகளில் மனித உரிமையும் போர்ச் சட்டமும் கற்றுக்கொண்டால் படையின் ஒழுக்கம் உயரும் என்பதே பயிற்சி தரும் அரசுகளின் வாதம்.

இவ்வாதத்தை நிகழ்வுகள் மறுக்கின்றன. ஹெய்ட்டிக்கு அமைதிப்படையாகச் சென்ற இலங்கைப் படையினருள் நூற்றுக்கும் மேற்பட்டோர், பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டனர். சுரண்டப்பட்டவர்களுள் சிறார்களும் இருந்தனர். அப்படையினரில் ஒருவர்கூடச் சிறைக்குச் செல்லவில்லை என்று 2017இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அம்பலப்படுத்தியது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவத்தினர், 2020 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். இறுதிப் போரில் 58ஆவது படைப்பிரிவை வழிநடத்திய சவேந்திர சில்வா 2019 ஆகஸ்டில் இராணுவத் தளபதியாக்கப்பட்டார்.

இவை எவையும் அறியாமையால் நேர்ந்தவை அல்ல. சட்டம் தெரியாத படைக்கு வகுப்பறை உதவும். தண்டனை வராது என்று தெரிந்த படைக்கு அது உதவாது. தண்டனையின்மை நிலவும் இடத்தில் அயல்நாட்டுச் சான்றிதழ், பதவி உயர்வுக்கும் நற்பெயருக்குமான முத்திரையாகவே பயன்படுகிறது.

தமிழர் மீது பழக்கப்படுத்தப்பட்ட துப்பாக்கி தமிழரோடு நின்றுவிடவில்லை. 2013 ஆகஸ்ட் 1 அன்று வெலிவேரியப் பகுதியின் ரத்துபஸ்வலவில், குடிநீர் மாசுபட்டதை எதிர்த்துத் திரண்ட சிங்களக் கிராமத்தினர் மீது இராணுவம் சுட்டதில் மூவர் இறந்தனர். 2022 ஜூலையில் காலிமுகத்திடல் போராட்டக்காரர்கள் நள்ளிரவில் தாக்கப்பட்டனர்.

சீரழிவின் சுமையில் ஒரு பங்கு அடிநிலைப் படையினர் மீதும் விழுகிறது. போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும், 2024இன் பொதுமன்னிப்புக் காலத்தில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தப்பியோடிகள் சட்டப்படி விலகிக்கொண்டனர். ஓய்வுபெற்ற படையினர் பலர் வேலை ஆசை காட்டப்பட்டு, உக்ரைன் போர்முனையில் கூலிப்படையாக நிறுத்தப்பட்டனர். 2,00,783 பேர் கொண்ட இராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைப்பதாக 2023இல் அரசு அறிவித்தது. ஏழைச் சிங்கள இளைஞர்களைப் படைக்குள் தள்ளியது வறுமை. அவர்களை வெளியே தள்ளுவது பொருளாதார நெருக்கடி. கட்டளையிட்ட தளபதிகளை இவ்விரண்டும் தீண்டவில்லை.

இந்தியா இதில் வெறும் பார்வையாளர் அன்று. 2012இல் தமிழகம் எதிர்த்தபோது, தாம்பரத்தில் பயிற்சிக்கு வந்திருந்த இலங்கை விமானப்படையினரை நடுவண் அரசு பெங்களூருவின் எலஹங்காவுக்கு மாற்றியது. இடம் மாறியது, கொள்கை மாறவில்லை. 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையிலும் கையெழுத்திட்டன. இலங்கையை சீனாவிடம் விட்டுவிடக்கூடாது என்பது டெல்லியின் கணக்கு. அக்கணக்கில் கொல்லப்பட்டோருக்கு இடமில்லை.

தளபதி நியமனத்தைத் தொடர்ந்து 2019இல், இன்றியமையாத பணிகள் தவிர்த்து இலங்கை இராணுவத்தினரை அமைதிப்பணிக்கு ஏற்பதை ஐ.நா. நிறுத்தியது. பயிற்சிக்கும் அத்தகைய நிபந்தனை வேண்டும். பயிற்சிக்கு வரும் ஒவ்வோர் அதிகாரியும் எந்தப் படைப்பிரிவில், எந்தக் காலத்தில், எங்கு பணியாற்றினார் என்பதை விசாரித்த பின்னரே அவருக்கு இடமளிக்க வேண்டும். அந்த விசாரணையின் முடிவு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் 2017 முதல் வடக்கு கிழக்கின் தெருவோரங்களில் அமர்ந்து கேட்பது பதிலை. அப்பதிலைத் தர மறுக்கும் படைக்கு மேலும் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுவது, அம்மறுப்புக்குத் துணைபோவதாகும்.